வெள்ளை வேன் பாதியில் திரும்பியது

செவ்வாய்க்கிழமை மாலை

அன்புள்ள தங்கைக்கு, அண்ணன் எழுதுவது.

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாப்பிள்ளை உயிரோடு இருக்கிறார். நேற்றுப் பிற்பகல் எதிர்த்தரப்பின் ஆஸ்பத்திரியில் அவரைக் கட்டிலருகே நின்று பார்த்துப் பேசியவர், இரண்டு பக்கமும் போய்வரும் நிவாரணக் குழுவின் அதிகாரி அம்மா. இன்று காலை தன் அலுவலகத்துக்கு என்னை அழைத்து அவரே சொன்னார். இடது காலில் முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. ஆபரேஷன் செய்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். காய்ச்சல் இல்லை. சாப்பிடுகிறார்.

அந்த அம்மா நம் மொழியைப் பாடப்புத்தகத்தில் படித்தவர். "தங்கள் மைத்துனர் நலமாக இருக்கிறார். கட்டுக்குள் அரிக்கிறது என்று முறையிடுகிறார்" என்றார். ஆள் அவர்தான் என்று எப்படி நிச்சயம் என்று கேட்டேன். கெட்ட செய்தியை நான் ஒரு தரம் கேட்டு நம்பிவிடுவேன். நல்ல செய்தியைத்தான் இரண்டு தரம் கேட்பேன், பத்திரிகைத் தொழில் அப்படிப் பழக்கிவிட்டது. அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. எனக்கென்று மாப்பிள்ளை சொல்லி அனுப்பியதை ஒரு எழுத்து மாறாமல் மனப்பாடம் செய்து வந்திருந்தார்: "மச்சான்கிட்ட சொல்லுங்க, என் ஸ்கூட்டரைத் தொடக் கூடாது. அவன் பிரேக் பிடிக்கிற லட்சணம் எனக்குத் தெரியும்." உலகத்தில் வேறு யாரும் இதைச் சொல்லியிருக்க முடியாது. அதற்குமேல் நான் ஆதாரம் கேட்கவில்லை.

(ஸ்கூட்டரை நான் எடுத்தது உண்மைதான். இடிக்கவில்லை.)

நீ அனுப்பிய சேதி முந்தாநாள்தான் கைக்கு வந்தது. போன் கோபுரம் விழுந்ததிலிருந்து இங்கே யாருக்கும் யாரோடும் பேச வழியில்லை. ஆறுதல் எழுதாதே, பேப்பருக்கு எழுதுவதைப் போல எழுது என்று கேட்டிருந்தாய். இரண்டு கேள்விதான் கேட்டிருந்தாய். அவர் இருக்கிறாரா? அவராகவே அந்தப் பக்கம் போய்விட்டார் என்கிறார்களே, அது நிஜமா?

முதல் கேள்விக்குப் பதில் மேலே இருக்கிறது. இரண்டாவதுக்கும் சுருக்கமாகவே பதில் உண்டு: அவர் போகவில்லை, தூக்கிக்கொண்டு போனார்கள். ஆனால் இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு நீ அங்கே நாலு பேருக்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். நான் பார்த்ததை நான் பார்த்தேன் என்றும், கேட்டதை யார் சொன்னார் என்றும் எழுதுகிறேன்.

நீ பாப்பாவை அழைத்துக்கொண்டு கிளம்பிய அன்று அவர் ஏன் பஸ் ஏறவில்லை என்பது உனக்குத் தெரியும். ஊருக்குத் தண்ணீர் விடுகிற இன்ஜினியர் நான், பம்பு நிலையத்தை விட்டு வரமாட்டேன் என்றார். அன்று பஸ் படியில் நின்று நீ அவரிடம் சொன்னதை, உன் பையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நானும் கேட்டேன். அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. நீங்கள் போன இரண்டாவது வாரமே பம்பு நிலையம் இரு தரப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. நம் ஆட்களின் கடைசிச் சாவடி அதற்கு இந்தப் பக்கம், அவர்களுடையது அந்தப் பக்கம். நடுவில் வயல், வயலுக்கு நடுவில் பம்பு நிலையம். யாரும் அதைக் குறிவைத்து அடிக்கவில்லை என்று இரண்டு தரப்பும் சொல்கின்றன. எப்படியோ மின் கேபிள் அறுந்தது, ஸ்டார்ட்டர் பேனல் கருகியது. ஊருக்குத் தண்ணீர் நின்றது.

தண்ணீர் இல்லாத ஊரை நீ பார்த்ததில்லை. முதல் வாரம் எல்லோரும் பொறுமையாக இருந்தார்கள். இரண்டாவது வாரம் எல்லோருக்கும் ஒரே வாசனை வந்தது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன்களைத் தள்ளிப்போட்டார்கள். சிறுநீரக நோயாளிகளை லாரியில் ஏற்றி வெளியூருக்கு அனுப்பினார்கள். அதில் ஒருவர் வழியிலேயே இறந்தார். இதை ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ் சொன்னார்.

அந்த நிலையில்தான் நிவாரணக் குழு அம்மா இரு தரப்பையும் ஒப்புக்கொள்ள வைத்தார். பொதுமக்கள் குடிக்கும் தண்ணீரைப் போரில் யாரும் தடுக்கக் கூடாது, அதைச் சரிசெய்யப் போகிறவர்களை அடிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. இரண்டு தரப்பும் அதில் கையெழுத்துப் போட்டவைதான். ஆனால் சட்டம் இருப்பது வேறு, குறிபார்த்து உட்கார்ந்திருக்கிறவன் அதை ஞாபகம் வைத்திருப்பது வேறு. அதனால் ஒரு நேரம் குறித்தார்கள். அந்த நேரத்தில் யாரும் சுடமாட்டார்கள். வெள்ளை வேன், அதன் மேல் நீலக் கொடி. உள்ளே நாலு பேர், எல்லோரும் சிவிலியன்கள். சீருடையோ கேமராவோ ஆயுதமோ கூடாது. மாப்பிள்ளை இதைப் படித்துக் கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கீழே எலக்ட்ரீஷியன், வெல்டர், டிரைவர் மூவரும் போட்டார்கள். எலக்ட்ரீஷியனை உனக்குத் தெரியும், தான் வாங்கிய ஷாக்குகளை எல்லாம் கல்யாண வீட்டிலும் சொல்லிக்கொண்டிருப்பாரே, அவர்தான். டிரைவரை எல்லோரும் ஆமை என்று கூப்பிடுவதற்கான காரணத்தை அவர் வண்டியில் ஏறியவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி நடந்தது ஒரு தவறு. வேண்டுமென்று யாரும் செய்ததல்ல.

சண்டை தொடங்கியதிலிருந்து ஊருக்குள் எங்கே குழாய் உடைந்தாலும் இந்த நாலு பேரோடு ஒரு சார்ஜன்ட் காவலுக்குப் போவார். முப்பது வயதிருக்கும், சிரித்த முகம். வேனின் பின் சீட்டுக்கு அடியில் பைப்புகள் போடுகிற நீளப் பெட்டி உண்டு. குண்டும் குழியுமான தெருவில் மடியில் வைத்திருக்க முடியாமல் அவர் தன் துப்பாக்கியை அந்தப் பெட்டியில்தான் வைப்பார். இது மாதக்கணக்கான பழக்கம். பம்பு நிலையத்துக்கு மட்டும் அவர் கூடப் போகக் கூடாது என்று உத்தரவு. அன்று காலை கடைசிச் சாவடியில் நின்று வழியனுப்பியவரும் அவர்தான். அவரே பிறகு எங்கள் பத்திரிகை அலுவலகத்துக்கு வந்து என்னிடம் சொன்னார்: "நான் போகக் கூடாதுன்னுட்டாங்க சார். சரி, நான் போகலை, இதாவது அவங்ககூடப் போகட்டும்னு வச்சேன். அவர் நல்லதுக்குத்தான் சார் வச்சேன்." அந்த ஆளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

வேன் பாதி வழி போனபோது மாப்பிள்ளை பெரிய ஸ்பேனரைத் தேடிப் பெட்டிக்குள் கையை விட்டார். கையில் வந்தது துப்பாக்கி. இதற்குமேல் சொல்வது எலக்ட்ரீஷியன் சொன்னது. வெல்டரிடமும் டிரைவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன், மூவரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்.

எலக்ட்ரீஷியன், "ஐயா, சத்தமில்லாம இந்தப் பள்ளத்துல போட்டுடலாம். வரும்போது பொறுக்கிக்கலாம்" என்றிருக்கிறார். மாப்பிள்ளை, "அந்தப் பக்கம் நம்மளையே பைனாகுலர்ல பாத்துக்கிட்டு இருப்பாங்க. வெள்ளை வண்டியிலேர்ந்து நீட்டமா ஒண்ணத் தூக்கிப் போட்டா, பைப்புன்னா நினைப்பாங்க?" என்றார். வெல்டர், அப்படியே பெட்டியில் கிடக்கட்டும், மூடிவிட்டுப் போவோம், யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். அவருக்கு மூன்று குழந்தைகள், ஒன்று கைக்குழந்தை. "எங்க வீட்ல நேத்து புள்ளையைக் கழுவத் தண்ணி இல்ல சார். பைப்புக்கு அடியில கிடக்கிற ஒரு துப்பாக்கிக்காகத் திரும்பிப் போவீங்களா?" என்று கத்தியிருக்கிறார்.

மாப்பிள்ளை சொன்னதை மூன்று பேரும் எனக்குச் சொன்னார்கள். மூன்றும் ஒன்றுபோல இருப்பதால் அப்படியே எழுதுகிறேன். "கொடியைக் கட்டிக்கிட்டு உள்ள துப்பாக்கி வச்சிருந்தா அதுக்குப் பேரு வேற. இன்னிக்கு இந்த வேன் பொய் சொல்லிச்சுன்னா, நாளைக்கு வர்ற ஆம்புலன்ஸை எவன்யா நம்புவான்? ஆமை, வண்டியைத் திருப்பு."

அன்று ஆமை வண்டியைத் திருப்பிய வேகத்தை எலக்ட்ரீஷியன் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். சாவடிக்கு வந்து துப்பாக்கியை இறக்கி, சார்ஜன்ட் முகத்தில் ஈயாடாமல் நிற்க, மறுபடி கிளம்பலாம் என்றால் குறித்த நேரத்தில் பாதிக்குமேல் போய்விட்டது. மீதியில் கேபிளை இழுத்து முடிக்க முடியாது. சுடாத நேரம் வீணாகப் போயிற்று.

அன்று மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார். கையைக் கழுவக்கூடத் தண்ணீர் இல்லை, கிரீஸ் கையோடு கட்டிலில் உட்கார்ந்தார். நடந்ததைச் சொல்லிவிட்டு, நிவாரணக் குழு அம்மாவிடம் போய் இதைச் சொல்லப்போகிறேன், நீயும் கூட வா என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. துப்பாக்கியைத் திருப்பிக் கொண்டுவந்தாயிற்று, எதிர்த்தரப்புக்கு எதுவும் தெரியாது, ஏன் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள வேண்டும் என்று கேட்டேன். "வேன் பாதியில திரும்பினதை அவங்க பாத்திருப்பாங்க. ஏன்னு நாம சொல்லலைன்னா அவங்களே ஒரு காரணம் கட்டிக்குவாங்க. அது நிஜத்தைவிட மோசமாத்தான் இருக்கும் மச்சான். பேப்பர்ல இருபத்தஞ்சு வருஷம் குப்பை கொட்டினவன் நீ, உனக்குத் தெரியாதா?" என்றார். தெரியும்தான்.

இருவரும் போனோம். அந்த அம்மா முழுவதையும் கேட்டு எழுதிக்கொண்டார். "தாங்கள் கூறியிராவிட்டால் எனக்கு இது ஒருபோதும் தெரிந்திராது" என்றார். "அதனாலதாம்மா சொல்றேன்" என்றார் மாப்பிள்ளை. அவர் சம்மதத்தோடுதான் அது மறுநாள் எதிர்த்தரப்புக்குச் சொல்லப்பட்டது. அவர்கள் பதில் தெரியும்வரை நம் பத்திரிகையில் எதுவும் வரக் கூடாது என்று நிவாரணக் குழுவினர் என்னிடம் கேட்டுக்கொண்டார்கள். ஆசிரியரிடம் நான் பேசினேன். அவர் முகம் சுளித்தார், ஆனால் ஒப்புக்கொண்டார். பழுதுபார்க்கும் பணி தள்ளிவைக்கப்பட்டது என்று மட்டும் மூன்று வரி வந்தது.

அந்த மூன்று வரிக்கு விலை கொடுத்தது உன் வீட்டுக்காரர். வேன் போனது ஊருக்கே தெரியும், பாதியில் வந்ததும் தெரியும், காரணம் மட்டும் தெரியாது. தண்ணீர் லாரி வரிசையில் அவரும் குடத்தோடு நிற்பார், நானும் நிற்பேன். எங்களுக்கு முன்னால் நின்ற மாடி வீட்டு அக்கா ஒரு நாள் திரும்பிப் பார்த்து, "என்ன இன்ஜினியர் தம்பி, போன வேகத்துல திரும்பிட்டீங்களாமே? எங்களுக்கு இந்த நாத்தம் பழகிடுச்சு, நீங்க பத்திரமா இருங்க" என்றார். வரிசையே சிரித்தது. மாப்பிள்ளை, "பழகினது நல்லதாப் போச்சுக்கா, நான் குளிச்சு எட்டு நாளாச்சு" என்றார். அதற்கும் சிரித்தார்கள். வெல்டர் அந்த வாரம் முழுக்க அவரோடு பேசவில்லை. சார்ஜன்டுக்குத் தோளில் ஒரு பட்டி குறைந்தது. இப்போது அவர் சார்ஜன்ட் இல்லை, ஆனாலும் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

எதிர்த்தரப்பின் பதில் வர ஒரு வாரமானது. அவர்கள் கர்னல் அனுமதி கொடுத்தார். இந்தத் தடவை வேனை இரு தரப்பும் சோதனை போட வேண்டும், நம் சாவடியில் ஒரு தடவை, பம்பு நிலைய வாசலில் அவர்கள் ஆள் வந்து ஒரு தடவை. அதற்கு நேரம் பிடிக்கும் என்பதால் சுடாத நேரத்தைக் காலை எட்டிலிருந்து நண்பகல்வரை நீட்டியிருந்தார். போன தடவையைவிட இரண்டு மடங்குக்குமேல். உண்மையைச் சொன்னதற்காக அவர் மனம் இளகித்தான் இப்படிச் செய்தார் என்று ஊரில் இப்போது கதை ஓடுகிறது. அதை எழுத என்னிடம் ஆதாரம் இல்லை. அந்த அம்மாவிடம் கேட்டேன். "கர்னல் இரண்டு முறை வாசித்தார். 'நாங்கள் அதைக் கண்டிருக்கவில்லை' என்று மட்டும் கூறினார்" என்றார். அவ்வளவுதான் நமக்குத் தெரிந்தது.

காரணத்தை இனி எழுதலாம் என்று அன்றே சொல்லிவிட்டார்கள். எழுதினேன். மறுநாள் வரிசையில் மாடி வீட்டு அக்கா மாப்பிள்ளையின் குடத்தைப் பிடுங்கித் தனக்கு முன்னால் வைத்தார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "நகரு தம்பி, லாரி வந்துடுச்சு" என்றார், அவ்வளவுதான்.

போன புதன்கிழமை வேன் மறுபடி போனது. கேபிளை இழுத்தார்கள், பேனலை மாற்றினார்கள். பதினோரு மணி சுமாருக்கு முதல் மோட்டார் ஓடியது. அந்த நேரம் நான் அலுவலகத்தில் இருந்தேன். கழிவறைக் குழாயை யாரோ எப்போதோ திறந்தபடி விட்டிருந்தார்கள். முதலில் இருமுவதைப் போல ஒரு சத்தம், பிறகு துருப்பிடித்த நிறத்தில் தண்ணீர். எங்கள் ஆசிரியர், தலையங்கம் எழுதிக்கொண்டிருந்தவர், எழுந்து ஓடிப்போய் அதில் தலையை நீட்டினார். தெருவில் இறங்கிப் பார்த்தேன். வீட்டுக்கு வீடு மாடியில் நின்று பெண்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட்டு, "உங்க வீட்ல வந்துச்சா? எங்க வீட்ல வந்துச்சு!" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். வாசல் குழாயடியில் ஒரு தாத்தா செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று நனைந்தார். இன்றுவரை தண்ணீர் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரைத் திறந்துவிட்டார்கள். ஊர் முழுக்கக் கொடியில் துணி காய்கிறது.

அவர் விழுந்தது அதற்குப் பிறகுதான். மேல்தொட்டி வால்வைக் கையால் திறக்க வேண்டியிருந்தது. இரும்பு ஏணியில் ஏறினார். குண்டு அதிர்ச்சியில் ஏற்கெனவே ஆட்டம் கண்டிருந்த ஏணி, சுவரிலிருந்து பெயர்ந்து வந்தது. வால்வைத் திறந்துவிட்டுத்தான் விழுந்தார் என்கிறார் எலக்ட்ரீஷியன். எலும்பு வெளியே தெரிந்தது, ரத்தம் நிற்கவில்லை. பேசாமல் இருந்த வெல்டர்தான் தன் சட்டையைக் கிழித்துத் தொடையில் கட்டிப் பிடித்துக்கொண்டார். வேனில் பைப்பும் கேபிளும் கிடந்ததால் படுக்க வைக்க இடமில்லை. நம் பக்கம் போகும் சாலை முழுக்கக் குழி. நண்பகலுக்குச் சில நிமிடங்களே இருந்தன. அவர்களைச் சோதனை போட்டுவிட்டு வாசலில் நின்ற எதிர்த்தரப்புச் சிப்பாய், யாரையும் கேட்காமல் தன் வயர்லெஸ்ஸில் பேசினார்.

அவர்கள் பக்கத்திலிருந்து மருத்துவப் பிரிவு ஆட்கள் இருவர் ஸ்ட்ரெச்சரோடு வயலுக்குள் இறங்கினார்கள். கையில் துப்பாக்கி இல்லை, கைப்பட்டையில் மருத்துவச் சின்னம். அவர்கள் பாதி வயலில் இருக்கும்போது பன்னிரண்டு மணி ஆகிவிட்டது.

தங்கச்சி, இதைக் கவனமாகப் படி. அந்த நேரம் நம் சாவடியில் இருந்தவர் நம்ம சார்ஜன்ட். அவரும் கூட இருந்த இரண்டு சிப்பாய்களும் சொன்னதை ஒத்துப்பார்த்து எழுதுகிறேன். புதிதாக வந்த லெப்டினன்ட் ஒருவர், "டைம் முடிஞ்சுடுச்சு. எதிரி ஆளுங்க முன்னால வர்றாங்க. என்ன பாத்துக்கிட்டு நிக்கிறே?" என்று வயர்லெஸ்ஸில் கேட்டார். சார்ஜன்ட், "ஸ்ட்ரெச்சர் தூக்கிட்டு வர்றாங்க சார்" என்றார். நேரம் முடிந்துவிட்டது என்று அவர் மறுபடி சொன்னார். அதற்கு இவர், "டைம் வேனுக்குத்தான் சார். ஸ்ட்ரெச்சருக்கு ஏது டைம்? அடிபட்டவனை எடுக்க வர்றவனை எந்த நேரமும் சுடக் கூடாது. என் தோள்ல இன்னொரு பட்டி இருக்கு சார், அதையும் எடுத்துக்கங்க" என்றார். பிறகு விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டு, மற்ற இருவரையும் அப்படியே எடுக்கச் சொன்னாராம். லெப்டினன்ட், "சரி, பாத்துக்கிட்டே இரு" என்று மட்டும் சொன்னார்.

இப்படித்தான் மாப்பிள்ளை அந்தப் பக்கம் போனார். நாலு கால்கள் நடந்தன, அதில் ஒன்றுகூட அவருடையது இல்லை. மற்ற மூவரையும் வேனில் ஏறிப் போகச் சொன்னார்கள், சாவடிவரை யாரும் சுடவில்லை. வெல்டர் போகமாட்டேன் என்று ஸ்ட்ரெச்சர் கம்பியைப் பிடித்துக்கொண்டாராம். மாப்பிள்ளைதான், "புள்ளையைக் குளிப்பாட்டப் போய்யா" என்று விரட்டியிருக்கிறார்.

அதற்கப்புறம் ஐந்து நாள் என்னிடம் எழுத எதுவும் இல்லை. ரத்தம் அவ்வளவு போன ஆள் பிழைத்தாரா என்பதே தெரியாது. அந்த இடைவெளியில்தான் உனக்கு எட்டிய அந்தப் பேச்சு முளைத்தது. வேனில் மூன்று பேர் வந்தார்கள், தலைவர் மட்டும் வரவில்லை, அதுவும் எதிரியின் ஆட்களே வந்து கூட்டிப்போனார்கள் என்றால் ஊர் வேறென்ன பேசும்? யார் தொடங்கினார்கள் என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை, விட்டுவிட்டேன். இன்று காலை நிவாரணக் குழு அம்மா சொன்னதை நாளைக் காலைப் பத்திரிகையில் முதல் பக்கத்தில் எழுதுகிறேன். எழுதுவது சொந்தக்காரன் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதால், சார்ஜன்டும் வெல்டரும் சொன்னதை வேறொரு நிருபர் போய்க் கேட்டு எழுதியிருக்கிறார்.

நம் ராணுவத்துக்குச் சட்ட ஆலோசனை சொல்கிற மேஜர் ஒருவர் இருக்கிறார், சண்டைக்கு முன் கோர்ட்டில் வக்கீலாக இருந்தவர். மத்தியானம் அவரைப் பார்த்தேன். மாப்பிள்ளை கைதி இல்லை என்றார். ஆயுதம் எடுக்காத சிவிலியன், வேலைக்குப் போன இடத்தில் அடிபட்டவர். அவரை எடுத்துச் சிகிச்சை கொடுத்தது அவர்கள் கடமை, நடமாட்டம் தாங்கும் நிலை வந்ததும் திருப்பி அனுப்ப அவர்களே தயார் என்று அந்த அம்மா மூலம் சொல்லிவிட்டார்கள். ஆனால் அவர்களுடைய ஆம்புலன்ஸ் இரு தரப்புக்கும் நடுவிலுள்ள பாலத்தின் பாதிவரை வர நம் தரப்பு எழுத்தில் சம்மதிக்க வேண்டும். திரும்பி வந்தபின் அவரை விசாரிக்க வேண்டும் என்று சிலர் கேட்கிறார்கள். "விசாரிக்கட்டும் சார், தப்பில்ல. ஆனா ஆஸ்பத்திரிக் கட்டில்ல வச்சுக் கேக்கட்டும், முகாம்ல வச்சு இல்ல. அதைத்தான் எழுதிக் குடுத்திருக்கேன்" என்றார் மேஜர். அவர் பேச்சில் சந்தேகம் தெரியவில்லை. கையெழுத்தாகிற வரைக்கும் நான் அதை முடிந்ததாக எழுதமாட்டேன்.

நீ கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும்.

நிவாரணக் குழு, சண்டையில் பிரிந்தவர்களுக்கு ஒரு தாள் கொடுக்கும். அதில் வீட்டுச் செய்தி மட்டும் எழுதலாம். ஒட்டக் கூடாது, வழியில் யாரும் படிக்கலாம். நேற்று அந்த அம்மா மாப்பிள்ளையிடம் உனக்கு எழுத ஒரு தாளும் பேனாவும் கொடுத்திருக்கிறார். அவர் வாங்கி, மற்ற நோயாளிகளைப் பார்த்துவிட்டு அந்த அம்மா திரும்பி வரும்வரை கையிலேயே வைத்திருந்திருக்கிறார். பிறகு வெறும் தாளாகவே திருப்பிக் கொடுத்துவிட்டார். "எழுதத் தெரியாதா என்று எண்ணினேன். பின்பு கண்களைக் கண்டேன்" என்றார் அந்த அம்மா. பாப்பாவுக்கு ஆடிக்கொண்டிருந்த முன்பல் விழுந்துவிட்டதா என்று மட்டும் விசாரிக்கச் சொன்னாராம். உன்னைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. கேட்க வாய் வரவில்லை என்பதுதான் சரி.

அன்று பஸ் படியில் கோபத்தில் நீ சொன்னது தப்பு என்று நான் எழுதமாட்டேன். சின்னப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு தெரியாத ஊருக்குப் போனவள் நீ. அவர் நின்றது சரி என்று தண்ணீர் வந்த பிறகு இந்த ஊரே சொல்கிறது, ஆனால் இந்த ஊர் உன்னோடு அந்த பஸ்ஸில் வரவில்லை. இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கும்போது யார் முதலில் பேசுவது என்பதுதான் கஷ்டம். அவருக்கு அது முடியவில்லை. கர்னலுக்கே துப்பாக்கியைப் பற்றிச் சொல்லி அனுப்ப முடிந்தவருக்கு உன்னிடம் ஒரு வரி வரவில்லை. அதனால் உன்னிடம் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் நம் கண் டாக்டர். நாளைக் காலை மருந்து லாரிகளோடு வெளியே போகிறார். வியாழன் மத்தியானம் உன் கையில் கொடுப்பார். உன் ஊரிலும் நிவாரணக் குழு அலுவலகம் இருக்கிறது. அன்றே போய் ஒரு தாள் வாங்கி எழுது. அவர்கள் தங்கள் சாட்டிலைட் போன் வழியாக இங்கே வாசித்துவிடுவார்கள். அந்த அம்மா மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவது வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு. ஒரு வரி போதும். பல் விழுந்தது என்று எழுது. கோபம் ஆறவில்லை என்றால் அந்தக் கோபத்தையே எழுது. அதுவும் வீட்டுச் செய்திதான், யாரும் அதைக் கோடு போட்டு அடிக்கமாட்டார்கள்.

பாலத்துக்கான சம்மதம் சனிக்கிழமை மாலைக்குள் வரும் என்று மேஜர் எதிர்பார்க்கிறார். வந்தால் திங்கட்கிழமை காலை அவரைப் பாலத்தின் நடுவில் வாங்கிக்கொள்வோம். அவரை ஏற்றிவர வெல்டர் இப்போதே தன் வீட்டு மெத்தையை வேனில் போட்டுப் பார்த்துவிட்டார். அதெல்லாம் எங்கள் வேலை, நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

பாப்பாவுக்கு என் முத்தம். நீங்கள் மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்து சண்டை போட்டுக்கொள்ளும் நாள் சீக்கிரம் வரட்டும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு முன்பே நான் அந்த அலுவலக வாசலில் நின்றுகொண்டிருப்பேன்.

உன் அண்ணன்